மடிப்புக்குள் இருக்கும் பெயர்கள்

காலையில் அலமாரியைத் திறந்ததும் அந்த மஞ்சள் பை என் காலில் வந்து விழுந்தது. நம் துறையைக் கீழ் மாடியிலிருந்து மேல் மாடிக்கு மாற்றுகிறார்கள். வேண்டாததையெல்லாம் தூக்கிப் போடுங்கள் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அதை நினைவூட்டி ஒன்று, அந்த நினைவூட்டலை நினைவூட்டி இன்னொன்று. தொல்லை தாங்காமல்தான் அலமாரிப் பக்கம் போனேன். நீ போனதிலிருந்து அதை நான் திறக்கவில்லை. கேட்பவர்களிடம் நேரமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு நேரம் எப்போதும் இருக்கும், மனசுதான் வராது என்பது உனக்குத் தெரியும்.

பையைப் பிரித்தேன். ஊதுபத்தி வாசனை, கூடவே தையல் மிஷின் எண்ணெய் வாசனை. உள்ளே நம் மாணவி வெய் லிங்கின் ஆய்வுப் போஸ்டர், பெட்ஷீட் மாதிரி மடித்த துணி. கீழ் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன். அந்த மடிப்பு அப்படியே இருக்கிறது. ஓரத்தில் அவள் பிரித்த இடத்தைத் தவிரத் தையல் எங்கும் பிரியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தவளுக்கு உடனே எழுந்திருக்கவும் முடியவில்லை, முட்டி அந்த லட்சணத்தில் இருக்கிறது.

இன்றைக்கு எனக்கு ஒரு படம் வரவேண்டும். கைபேசியை மேசைமேல் நிமிர்த்தி வைத்துக்கொண்டு அதற்காகத்தான் காத்திருக்கிறேன். என்ன படம் என்று பிறகு சொல்கிறேன். வருகிறவரை உனக்கு எழுதலாம் என்று தோன்றியது. இந்தச் சங்கதியைச் சொல்ல எனக்கு வேறு ஆளும் இல்லை.

நாம் இருவரும் உயிரிப் பொறியியல் துறைக்கு ஆசிரியர்களாக ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்தோம். நான் மதுரையிலிருந்து வந்து ஜூரோங்கில் வீடு பார்த்தவள். நீ ஃபேரர் பார்க்கில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே வீடும் வாங்கியவள். முதல் வாரமே என் அறைக் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, "நீ காப்பி குடிப்பியா, தே குடிப்பியா? சொல்லிரு, அதுக்கேத்த மாதிரிதான் பழகணும்" என்றாய். டீயை இங்கே தே என்பார்கள் என்றுகூட எனக்கு அப்போது தெரியாது, எரிச்சலாக இருந்தது. இந்தப் பெண்பிள்ளைக்கு வேறு வேலையே இல்லையா என்று நினைத்தேன். அந்த எரிச்சல் எப்போது போனது என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை.

அந்த நாட்களில் ஒவ்வோர் ஆண்டும் நடக்கும் கூத்தைப் பார்த்துப் பார்த்து உனக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது. வெளிநாட்டில் ஆய்வு மாநாடு. நம் மாணவர்கள் வேலையைச் சுருக்கி எழுதி அனுப்புவார்கள், அது தேர்வாகும். பதிவுக் கட்டணத்தைத் துறை கட்டும். விமான டிக்கெட்டும் தங்கும் இடமும் மாணவர் பாடு. வசதி உள்ள வீட்டுப் பிள்ளை போகும். இல்லாத பிள்ளை, 'குடும்பச் சூழ்நிலை காரணமாக வர இயலவில்லை' என்று எழுதி அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும். "வேலை நல்லா இருக்குன்னு கூப்புடுறாங்க. பிள்ளை இங்க உக்காந்து, போனவங்க போட்ட போட்டோவுக்கு லைக் போடுது. என்ன கண்றாவி லா இது?" என்று துறைக் கூட்டத்திலேயே கேட்டாய். ஆன்லைனில் கலந்துகொள்ளலாமே என்று ஒருவர் சொன்னார். "கல்யாணத்தையும்தான் ஆன்லைன்ல பாக்கலாம். சாப்பாடு யாரு போடுவா, மாப்பிள்ளைகிட்ட யாரு பேச விடுவா?" என்றாய். அவர் பிறகு அந்த ஆண்டு முழுக்க உன்னோடு பேசவில்லை.

அந்தப் பிள்ளைகளின் பயணக் காசுக்காக அப்போது ஆரம்பித்ததுதான் தேக்கா வலம். அதற்கு அந்தப் பெயரை வைத்தது நான், கேலியாகத்தான். நீ ஒரு தமிழர் சங்கத்தில் உறுப்பினர். இந்த ஊரில் அனுமதி இல்லாமல் ஒரு டப்பாவைக் கூடக் குலுக்க முடியாது என்பதால், சங்கத்தின் வழியாக முறைப்படி அனுமதி, ரசீது எல்லாம் வாங்கிவிட்டாய். சீனப் பிள்ளைக்கெல்லாம் நாம் ஏன் திரட்ட வேண்டும் என்று சங்கத்தில் ஒரு பெரியவர் இழுத்தார். "உங்க கடைக்குச் சாமான் வாங்க வர்றவங்க எல்லாம் நம்மாளுங்க மட்டுமா அங்கிள்?" என்றாய். அவர் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், கூட்டம் சேர்வதற்கு முன், அந்த ஆண்டு தேர்வான பிள்ளையை அழைத்துக்கொண்டு தேக்காவின் தமிழ்க் கடைகளில் ஒவ்வொன்றாக ஏறுவோம். உன்னிடம் சில விதிகள் இருந்தன. ஒரே ஆளிடம் பெரிதாக வாங்கக் கூடாது, பல பேரிடம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். "ஒருத்தரே குடுத்தா அவரு நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துக்குவாரு. பத்துப் பேரு குடுத்தா, யாரு உக்காருறதுன்னு அவங்களுக்கே தெரியாது." கடைக்காரர் தே வரவழைப்பார். அது ஆறுவதற்குள் பிள்ளை தன் ஆய்வைச் சொல்லி முடிக்க வேண்டும். அவ்வளவுதான் நேரம். சொல்வது மட்டும்தான் பிள்ளையின் வேலை. காசு கேட்பது உன் வேலை. "கூச்சமெல்லாம் நமக்கு இருக்கட்டும், பிள்ளைக்கு வேணாம்" என்பாய். நான் உனக்குப் பின்னால் நின்று ரசீது எழுதுவேன். அத்தனை ஆண்டுகளில் ஒரு கடையில் கூட நான் வாய் திறந்து கேட்டதில்லை. கேட்டிருந்தால் யாரும் கொடுத்திருக்கவும் மாட்டார்கள். என் முகம் கடன் வசூலிக்க வந்தவள் முகம் மாதிரி இருக்கிறதென்று நீயே சொல்லியிருக்கிறாய்.

கொடுத்தவர்கள் பெயரை எல்லாம் போஸ்டரின் அடியில், நன்றி என்று தலைப்பிட்டு அச்சிடுவது வழக்கம். நகைக்கடைக்காரருக்கு அதில் அலாதிப் பிரியம். தன் பெயர்தான் முதலில் வரவேண்டும் என்பார். போடுகிற காசு பூக்கார அக்கா போடுவதைவிடக் குறைவு, பெயர் மட்டும் முதலில். "விடு, ஆசைப்படுறாரு" என்று நீ போட்டுவிடுவாய்.

வெய் லிங் மாநாட்டுக்குப் போன ஆண்டில்தான் துணிப் போஸ்டர் யோசனை உனக்கு வந்தது. தாளில் அடித்தால் நீளக் குழாயில் சுருட்டி விமானத்தில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். முந்தைய ஆண்டுப் பையன் அதை எங்கோ இறங்கி ஏறிய இடத்தில் மறந்து தொலைத்துவிட்டு, வெறுஞ்சுவர் முன்னால் நின்று பேசிவிட்டு வந்தான். துணி என்றால் பைக்குள் மடித்து வைத்துக்கொள்ளலாம். அச்சாகி வந்த துணியின் ஓரத்தில் நூல் நூலாகப் பிரிந்தது. தேக்கா சந்தை மாடியில் இருக்கும் டெய்லர் பாயிடம் கொண்டுபோனோம். மேலே கம்பு நுழைக்க ஒரு மடிப்பு மட்டும் தைத்துக் கொடுங்கள் பாய் என்று சொல்லிவிட்டுக் கீழே சாப்பிடப் போனோம். திரும்பி வந்தபோது பாய் துணியை மடித்து மஞ்சள் பையில் போட்டுத் தயாராக வைத்திருந்தார். ஊதுபத்தி கொளுத்தியிருந்தார், கடை முழுக்க மணம். நீ பிரித்துக் கூடப் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை, என் வயிறு அப்போது மீன் தலைக் கறியில் நிறைந்திருந்தது.

வெய் லிங் மாநாட்டு மண்டபத்திலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். அழுகிற முகம். "ப்ரொஃப், நன்றி சொன்ன இடம் காணோம். எல்லார் பேரும் காணோம்" என்று ஆங்கிலத்தில் விசும்பினாள். போஸ்டரைக் காட்டச் சொன்னோம். படங்கள், வரைபடங்கள், முடிவுரை எல்லாம் இருக்கின்றன. அதற்குக் கீழே அழகான நேர்த்தையல். பாய், சொல்லாத வேலையையும் சேர்த்துச் செய்திருந்தார். கீழ் ஓரத்தையும் தாராளமாக உள்ளே மடித்து அடித்துவிட்டார். நகைக்கடைக்காரர் தொடங்கி அத்தனை பேரும் மடிப்புக்குள் போய்விட்டார்கள்.

நீ பாயிடம் ஓடினாய். நான் மூச்சு வாங்கப் பின்னால் வந்தேன். "ஏன் பாய் இவ்ளோ மடிச்சீங்க?" என்றாய். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "படிக்கிற பிள்ளைக்குன்னு சொன்னீங்கல்ல. பள்ளிக்கூடப் பிள்ளைங்க காற்சட்டைக்கு எல்லாம் நான் இப்படித்தான் மடிப்பேன். வளருவாங்க, அப்புறம் இறக்கி விட்டுக்கலாம்" என்றார். போஸ்டர் வளராது பாய் என்று சொல்ல வாயெடுத்த நீ, அப்படியே அவர் கடைக் கட்டையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். அப்படி நீ சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

ஆனால் கடைக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமே. பூக்கார அக்காவிடம் முதலில் போய்ச் சொன்னோம். அவர் தொடுக்கிற நாரிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "சாமிக்குப் போடுற மாலையில நான் என்ன என் பேரையா எழுதி அனுப்புறேன்? போங்க, வேலையப் பாருங்க" என்றார். நகைக்கடைக்காரர்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பெயர் இருக்கிறது அங்கிள், உள்ளே இருக்கிறது என்று நீ எவ்வளவோ சொன்னாய். "இருக்குன்னா காட்டுங்க" என்றார். கடைசியில் வெய் லிங், அத்தனை பேராசிரியர்கள் நடமாடும் மண்டபத்தில் குனிந்து, ஓரத் தையலை ஹேர்ப்பின்னால் கொஞ்சம் பிரித்து, மடிப்பை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுத்து அனுப்பினாள். பாவாடை நனையாமல் தூக்கிப் பிடித்த மாதிரி ஒரு நிலை. அதை அச்சுப் போட்டு நீ கடைக்குக் கடை கொடுத்தாய். நகைக்கடைக்காரர் சட்டம் போட்டுக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டினார்.

அது பழக்கமாகிவிட்டது. அடுத்த ஆண்டிலிருந்து நீயே பாயிடம், வழக்கம்போல மடிச்சிருங்க என்று சொல்ல ஆரம்பித்தாய், ஓரத்தை மட்டும் திறந்து விடச் சொல்லி. பிள்ளைகள் மாநாட்டுக்குப் போவார்கள், மடிப்பைத் தூக்கிப் படம் எடுத்து அனுப்புவார்கள், நீ அச்சுப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பாய். வேலை எல்லோரும் பார்க்க மேலே இருக்கட்டும், நாம் உள்ளே இருப்போம் என்று நீ எப்போதாவது சொன்னாயா என்று யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை. அந்த மாதிரியெல்லாம் பேசுகிற ஆள் இல்லை நீ. "சிரிப்பா இருக்குல்ல" என்று மட்டும்தான் சொல்லுவாய்.

போன ஆண்டு நீ படுத்த பிறகு வலம் நின்றது. ஆஸ்பத்திரியில் கடைசியாக நீ என்னிடம் சொன்னது கஞ்சியில் உப்பில்லை என்பதுதான். அதைப் போய் நர்ஸிடம் சொன்னேன், அவர் டாக்டர் உத்தரவு என்றார். திரும்பி வந்தபோது நீ தூங்கிக்கொண்டிருந்தாய். நான் ஜூரோங்குக்கு ரயில் ஏறினேன். அதற்கப்புறம் உன்னோடு பேசக் கிடைக்கவில்லை.

இந்த ஆண்டு தேர்வான பிள்ளை தர்ஷினி. உட்லண்ட்ஸில் வீடு. அப்பா பஸ் ஓட்டுநராக இருந்தவர், சர்க்கரை நோயில் கால் விரல் ஒன்றை எடுத்துவிட்டார்கள். புண் ஆனதே அவருக்குத் தெரியவில்லையாம், உணர்ச்சி அவ்வளவு மரத்துப்போயிருந்தது. அதனால் இவள் காலுறைக்குள் வைக்கும் மெல்லிய உணரி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறாள். பாதத்தில் எங்கே அழுத்தம் கூடினாலும் அது முன்கூட்டியே சொல்லும். நன்றாகத்தான் வேலை செய்கிறது, ஒரு குறையைத் தவிர. கால் வியர்த்தால் கணக்கு தப்பாகிறது. இந்த ஊரில் வியர்க்காத கால் எங்கே இருக்கிறது? ஏன் தப்பாகிறது, எப்போது தப்பாகிறது என்று மாதக்கணக்கில் அளந்து வைத்திருக்கிறாள். போஸ்டரில் பாதி அதுதான்.

மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனம், மொத்தச் செலவையும் நாங்களே ஏற்கிறோம் என்று வந்தது. வந்தவர் மிகவும் மரியாதையானவர். எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார். உண்மையாகவே இழுத்துப் போட்டார், அப்போதே எனக்கு உன் ஞாபகம் வந்தது. நிறுவனத்தின் பெயர் போஸ்டரின் தலையில் வரவேண்டும் என்றார். சரி. அப்புறம் ஒரு சின்ன விஷயம் என்றார். வியர்வை பற்றிய பகுதியை இப்போதைக்கு விட்டுவிடலாமே, பொருள் சந்தைக்கு வரும் முன்னாலேயே குறையைச் சொல்லுவானேன் என்றார். தர்ஷினி என்னைப் பார்த்தாள். "ப்ரொஃப், அதுதானே என்னோட வேலையே?" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? யோசித்துச் சொல்கிறோம் என்றேன். நீயாக இருந்தால் அந்தக் காப்பியை அவரிடமே திருப்பிக் கொடுத்திருப்பாய். எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. வகுப்பு, திருத்த வேண்டிய தாள்கள், துறை மாறுகிற கூத்து, வீட்டில் ஒருவருக்கும் வேளைக்குச் சாப்பாடு இல்லை. தொலையட்டும், பிள்ளை போய்வந்தால் போதும் என்று மனசு சொன்னது. இல்லையென்றால் மறுபடியும் தேக்கா வலம் போக வேண்டும். காசு கேட்கிற கூச்சம்கூட எனக்குப் பெரிதில்லை. ஒவ்வொரு கடையிலும் "அவங்க எங்க?" என்று கேட்பார்கள். ஒவ்வொரு கடையிலும் நீ செத்துப்போனதை நான் என் வாயால் சொல்ல வேண்டும். அதற்குத்தான் பயந்தேன்.

ரெண்டு நாள் கழித்துத் தர்ஷினி புதிய போஸ்டரை அனுப்பியிருந்தாள். வியர்வைப் பகுதி இல்லை. அந்த இடத்தில் நிறுவனத்தின் சின்னம் இன்னொரு முறை. கூடவே ஒரு குறுஞ்செய்தி: "எடுத்துட்டேன் ப்ரொஃப். பரவால்ல, ஓகேதான். நீங்க ரொம்ப டயர்டா இருக்கீங்க, இதுக்காக அலைய வேணாம்."

ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். அதைப் படித்ததும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, பக்கத்தில் நின்றவர் தள்ளி நின்றார். என் முகத்தைப் பார்த்து அந்தப் பிள்ளை விட்டுக்கொடுத்திருக்கிறது. அப்பாவின் விரல் போன கதையை என் களைப்புக்காக வழித்து எடுத்திருக்கிறது. கூச்சமெல்லாம் நமக்கு இருக்கட்டும் என்று நீ சொன்னது அப்போதுதான் உறைத்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்காமல் அடுத்ததில் இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டேன். "பழைய போஸ்டரையே வச்சுக்க. ஞாயித்துக்கிழமை காலையில தேக்காவுக்கு வந்துரு. வசதியான செருப்பா போட்டுட்டு வா" என்றேன். அவள் ஏன் என்று கேட்டாள். வந்தால் தெரியும் என்று வைத்துவிட்டேன்.

முதலில் பூக்கார அக்கா. என்னைப் பார்த்ததும் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "எங்க உங்க கூட்டாளி? ஊருக்குப் போயிருக்காங்களா?" என்றார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். "இல்லக்கா. தவறிட்டாங்க. போன வருஷம்" என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் கை நின்றது. ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். "அப்ப கடைசி மாலைய வேற எங்கயோ வாங்கியிருக்கீங்க" என்றார். சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது. அழவும் செய்தேன். தர்ஷினி என் கைப்பையை வாங்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கல்லாவைத் திறந்தார். "பிள்ள எதுக்குப் போகுது? சொல்லச் சொல்லுங்க. தே சொல்லியிருக்கேன்" என்றார்.

சாப்பாட்டுக் கடை முதலாளிக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. பத்திரிகையில் பார்த்தாராம். "நீங்க ஒருநாள் வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வரல. சரி, முடிஞ்சு போச்சுன்னு நெனச்சேன்" என்றார். அடுத்த கடை இருந்த இடத்தில் கைபேசி விற்கிறார்கள். அதற்கடுத்த கடைக்காரர், வியாபாரம் மோசம், மன்னிச்சுக்குங்க என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். எப்படிக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. நீ சிரித்துக்கொண்டே கேட்பாய். நான் கேட்டது பரீட்சையில் வினாத்தாள் வாசிப்பது மாதிரி இருந்தது. கொடுத்தார்கள்.

ஒன்று மட்டும் நீ பார்த்திருக்க வேண்டும். தர்ஷினி காலைப் பற்றியும் சர்க்கரையைப் பற்றியும் பேச ஆரம்பித்தால் போதும், எல்லோரும் செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டுகிறார்கள். "இங்க பாரு, இந்த இடம் மரத்தே போச்சு." "எனக்கு எரிச்சல், ராத்திரியில தூக்கமே இல்ல லா." நகைக்கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே காலைத் தூக்கி வைத்துவிட்டார், தாலிச்செயின் பார்க்க வந்த அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தார். "வேர்த்தா வேலை செய்யாதா? அப்ப எனக்கு உதவாதே, எனக்கு எந்நேரமும் வேர்க்கும்" என்றார். "அதான் அங்கிள், அதைத்தான் அங்க போயி சொல்லப் போறேன். அது தெரிஞ்சவங்க அங்கதான் இருக்காங்க" என்றாள் தர்ஷினி. தே ஆறுவதற்குள் முடித்துவிட்டாள். நீ இருந்திருந்தால் தொடையில் தட்டியிருப்பாய்.

நகைக்கடைக்காரரிடம் உன்னைப் பற்றிச் சொன்னபோது அவர் எழுந்தார். கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருந்த வெய் லிங் படத்தைக் கழற்றி, கண்ணாடியைச் சட்டையால் துடைத்து, மறுபடியும் மாட்டினார். "இந்த வருஷமும் படம் வரணும்" என்று மட்டும் சொன்னார்.

இழுத்துப் பிடித்து டிக்கெட்டுக்குத் தேறிவிட்டது, இரண்டு இடத்தில் இறங்கி ஏறுகிற டிக்கெட். தங்குவதற்கு வேறொரு நாட்டு மாணவியோடு அறையைப் பங்கு போட்டுக்கொண்டாள். நிறுவனத்துக்காரருக்கு நான் மரியாதையாக நன்றி எழுதி அனுப்பினேன்.

துணி அச்சாகி வந்ததும் பாயிடம் கொண்டுபோனேன். அவருக்கு இப்போது பார்வை மங்கல். ஊசியில் நூலைப் பேரப்பிள்ளை கோத்துத் தருகிறாளாம். துணியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து அடிவரிகளைப் படித்தார். இந்தத் தடவை முதல் பெயராக உன் பெயரைப் போட்டிருந்தேன். நான் காசு கொடுக்கவில்லையே, என் பெயர் ஏன் என்று நீயே சண்டைக்கு வருவாய். வா, பார்த்துக்கொள்ளலாம்.

"இது யாரு? புதுசா இருக்கே" என்றார் பாய். உங்ககிட்ட எப்பவும் வருவாங்களே அவங்கதான் என்றேன். "ஃபேரர் பார்க் டீச்சரா? அவங்க பேரு இதுதானா?" என்று இன்னொரு முறை வாய்விட்டுப் படித்தார். அத்தனை ஆண்டும் அவருக்கு உன் பெயர் தெரியாது. நீ சொன்னதும் இல்லை. "நல்ல பேரு" என்றார். உனக்கு என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை, என் முகத்திலேயே தெரிந்திருக்கும். "எவ்ளோ மடிக்க?" என்றார். வழக்கம்போல என்றேன்.

இதோ, படம் வந்துவிட்டது.

தர்ஷினி குனிந்து மடிப்பைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். மறுமுனையை யாரோ ஒரு நரைத்த தாடிக்காரர் பிடித்திருக்கிறார், எதற்குப் பிடிக்கிறோம் என்றே தெரியாமல் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். கீழே எழுதியிருக்கிறாள்: "ப்ரொஃப், இவர் வியர்வையப் பத்தி என்கிட்ட செம சண்டை. நான் செஞ்சது பாதி தப்பாம். நாளைக்கும் வந்து பேசுறேன்னு சொல்றார்." படத்தைப் பெரிதாக்கி உன் பெயரைப் பார்த்தேன். தையல் விழுந்த கோடு அதன்மேல் லேசாகச் சுருங்கியிருக்கிறது. படிக்க முடிகிறது.

உடனே நகைக்கடைக்காரருக்கு அனுப்பினேன். அவர் குரல் பதிவு அனுப்பினார், கடையின் இரைச்சலோடு. "என்னம்மா, என் பேரு ரெண்டாவதா போயிருச்சு?" முதல் பெயரைப் பாருங்கள் என்று எழுதினேன். பிறகு, "சரி, சரி. அவங்களே இருக்கட்டும்" என்று வந்தது.

மஞ்சள் பையைத் தூக்கிப் போடவில்லை, மேல் மாடிக்கு என்னோடு வரும். அடுத்த ஆண்டும் ஒரு பிள்ளை தேர்வாகும், அடுத்த ஆண்டும் நான்தான் கேட்க வேண்டும். நினைத்தாலே கால் வலிக்கிறது. போகத்தான் போகிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை படங்களை அச்சுப் போட்டுக் கடை கடையாகக் கொடுக்க வேண்டும். முதலில் பூக்கார அக்காவிடம் நிற்பேன். உன் படத்துக்கு ஒரு மாலை வேண்டும், பெரிதாக, அவர் கையால் தொடுத்தது.